சாம்பியன் ரீப்சும் கோடை இடியும்

நிலத்தினடியில் 3 கிலோமீட்டருக்கு மேல் இறங்கிய சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்திற்கு இடியைப் பற்றி என்ன கவலை என்று நாம் வியக்கலாம். ஆயினும் 1902 ஜூன் மாதத்தில், காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியிலிருந்து 92 மைல் கடந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அன்றுமுதல் அக்கம்பி வழியின் வானம் முழுவதும் சுரங்கத்தின் வானமாயிற்று. சுரங்கவாயிலில் வெயில் காய்ந்தாலும், இடைவழியில் எங்கோ விழும் மின்னல் பாறையைப் பொடிக்கும் ஆலைகளை நிறுத்தவல்லது.

சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் மைசூர்ப் பீடபூமியில் இடிமுகில் எழுவது வழக்கம். அதை முன்னறிவது எங்ஙனம்? 1875-இல் தோன்றிய இந்திய வானிலைத் துறை தொடக்கத்தில் நிலமட்ட அளவுகளையே பெரிதும் நம்பியிருந்தது. முகிலோ பல கிலோமீட்டர் உயரம் வளர்வது. 1940-களில், பலூனில் கட்டிய வானொலிக் கருவி மேலடுக்குகளின் வெப்பத்தையும் ஈரத்தையும் அறிவிக்கலாயிற்று. கீழே வெம்மையும் ஈரமும், மேலே குளிர்ச்சியும் மிகுந்தால் காற்று நிலைகுலையும். இதனைக் கொண்டு பரந்ததொரு நிலப்பகுதிக்கு இடிவாய்ப்பு உண்டெனக் கூறலாம். எந்த ஊரில் என்று கூறவியலாது. மின்கம்பி காப்பவருக்கோ எந்தக் கம்பத்தருகே என்பதே வேண்டும்!

இன்று ராடார், எழுந்துவிட்ட முகிலைக் கண்டு சிறிது நேரம் முன்னதாக எச்சரிக்கிறது. தங்கவயற் சுரங்கங்கள் 2001-இலேயே மூடப்பட்டுவிட்டன.