ஒப்பீட்டில் விடுபட்ட கட்டம்

தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் வானத்தில் சுற்றினால் நாம் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நமக்கு எல்லாமே 'ஏரோப்ளேன்'. 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்த ஈழத்து அகதிகளுக்கு அப்படியல்ல. சத்தத்தை வைத்தே வகை பிரிக்க அவர்கள் கற்றிருந்தார்கள். 1985இல் இலங்கை வாங்கிய சியாய் மார்ச்செட்டியும் அடிப்படையில் ஒரு பயிற்சி விமானம்தான், இத்தாலியத் தயாரிப்பு. குண்டும் ராக்கெட்டும் மாட்டி யாழ்ப்பாணத்தின் மேல் அனுப்பினார்கள். சனங்கள் அதைச் 'சியாமாசெட்டி' ஆக்கிக்கொண்டார்கள்.

தரைப்படைக்கு நெருங்கி நின்று உதவும் விமானங்களை ஒப்பிடும் இராணுவச் சொல்லாடல் வேகம், கவசம், குண்டுச்சுமை என்று கட்டம் போடும். அதன் மையச் சிக்கல் பழையது: மெதுவாகப் பறந்தால் இலக்கு தெரியும், சுட்டும் வீழ்த்துவார்கள், வேகமாகப் பறந்தால் தப்பலாம், கீழே யாரென்று தெரியாது. அமெரிக்காவின் ஏ-10 விமானியை டைட்டானியத் தொட்டிக்குள் உட்காரவைத்து இதைச் சமாளித்தது. காசு இருப்பவன் தீர்வு அது. இந்திய அமைதிப்படையோ 1987 அக்டோபரில் யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிய சீக்கியக் காலாட்படையினர் 30 பேரில் 29 பேரைப் பறிகொடுத்தது. கவசமிட்ட எம்.ஐ.-25 தாக்குதல் ஹெலிகாப்டர்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. சனங்கள் வைத்த பெயர் 'முதலை'.

1993இல் வந்தது அர்ஜென்டினாவின் புக்காரா. உள்நாட்டுக் கிளர்ச்சியை அடக்கவென்றே வடிவமைத்த இரட்டை எஞ்சின் விமானம். 1982 ஃபாக்லாந்து போருக்குப் போன 24இல் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஆனாலும் இலங்கை நான்கு வாங்கியது. 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். போட்டது புக்காரா என்பதே ஊரார் சொல்வது. மெதுவாகப் பறந்தால் கீழே இருப்பவர் தெரியும் என்ற வாதம் அங்கே என்னவாயிற்று? அதே மாதம் ஒரு புக்காராவைப் புலிகள் வீழ்த்தினார்கள்.

1996இல் இஸ்ரேலின் கிபிர் ஜெட்டுகள் வந்தன. விமானிக்கு உயரமும் வேகமும் கிடைத்தன. கீழே இருந்தவருக்கு? சியாமாசெட்டியின் இரைச்சல் தூரத்திலேயே கேட்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடலாம். கிபிரின் சத்தம் காதில் விழும்போதே அது தலைக்குமேல். பங்கருக்கு ஓடக் கிடைக்கும் வினாடிகளுக்கு எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் கட்டம் கிடையாது.

2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் மாணவிகள்மேல் குண்டு போட்டவையும் கிபிர்தான். உதவி கேட்டு நிற்க அங்கே பக்கத்தில் எந்தத் தரைப்படையும் இல்லை.