கண்ணியும் முடிச்சும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் மார்கழி, தை மாதங்களில் இரண்டு வகைப் பின்னலைப் பார்க்கலாம். குளிர்நாடுகளிலிருந்து வந்து தங்கும் பெண்களில் சிலர் மொட்டைமாடியில் உல்லன் நூலும் இரண்டு ஊசியுமாக உட்கார்ந்திருப்பார்கள். கீழே திண்ணையில் காலை நீட்டி, வீட்டுக்கார அம்மாள் ஒயர் கூடை போட்டுக்கொண்டிருப்பார். முன்னது மெத்தென்றிருக்கும், பின்னது விறைப்பு. முன்னது தோளுக்கு, பின்னது காய்கறிக்கு.

கம்பளிப் பின்னலின் அலகு கண்ணி. ஒரு கண்ணிக்குள் அடுத்ததை இழுத்துவிடுவதுதான் மொத்த வித்தை. திருப்பூர் பனியன் ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள்: வரிவரியாகக் குட்டிச் சடைகள் இறங்கும். அதே கண்ணிதான், போட்டது இயந்திரம். ஒயர் கூடையின் அலகோ முடிச்சு. நான்கு பக்கமும் இழுத்து இறுக்கினால் சதுரமாக உட்கார்ந்துவிடும். பக்கத்து முடிச்சு அவிழ்ந்தாலும் தான் அவிழாது.

சேர்த்துவைக்கும் இன்பமும் இங்கேதான் பிரிகிறது. உல்லன் நூலை வெட்டாமலே வேலை தொடங்கும். பிடிக்கவில்லையென்றால் ஊசியை உருவிவிட்டு இழுக்கலாம். பாதி ஸ்வெட்டர் மறுபடி நூலாகி மடியில் விழும். பழைய கண்ணிகளின் நெளிவு அதில் இருக்கும். நனைத்துத் தொங்கவிட்டால் அதுவும் பெரும்பாலும் நீங்கும். ஆகையால் பெட்டியில் கிடக்கும் நூலுருண்டை எதுவாகவும் ஆகலாம். ஒயருக்கு அந்தச் சலுகை இல்லை. முதலிலேயே அளந்து வெட்டியாக வேண்டும். ஒன்றரை ரோல் கூடைக்கு வெட்டியது மூன்று ரோல் கூடைக்கு எட்டாது. கம்பளிக்காரர் பிரிக்காத உருண்டையைப் பொத்திவைக்கிறார். ஒயர்க்காரரோ மிஞ்சிய துண்டையும் விடுவதில்லை, கைப்பிடிக்கு ஆகும் என்று.

ஆனால் வாங்கும் காரணம் இருவருக்கும் ஒன்றே: "கலர் நல்லா இருந்துச்சு." தேவைக்கு மேல் வாங்குவதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். மயில்கழுத்து நிறத்தையும் மாம்பழ மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதே பாதிப் பின்னல் மனத்தில் முடிந்துவிடுகிறது. ஒருநாள் மாடிப் பெண் இறங்கிவந்து கூடையின் முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். திண்ணையம்மாள் நூலுருண்டையை அமுக்கிப் பார்த்தார். பொதுமொழி இல்லை. ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தபோது மற்றவர் பேசாமல் காத்திருந்தார். கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அன்று திண்ணையில் வளர்ந்துகொண்டிருந்தது 'சிவன் கண்' கூடை. கண்ணி, சிவன் கண் என்று இரண்டு பெயரிலும் கண் வந்து நிற்பது இவ்வூரில் தனி மகிழ்ச்சி தருகிறது.

சேமிப்பே இல்லாத தையலும் இங்கே நடந்திருக்கிறது. 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், கிழிந்த கோவணத்தைத் தைக்க முள்ளை ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூலை உருவிக்கொண்டார் என்று ஆசிரம அன்பர்களின் நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. இரண்டில் எதன் பக்கம் அது சேரும் என்று பார்த்தால் உல்லன் பக்கம்தான்: ஆடையாய் ஆனது மறுபடி நூலாகிறது. ஒயர் அதற்கு இடங்கொடுத்திருக்காது.