வில்பத்தும் நமது பழைய ஏடுகளும்

புத்தளம் கரையோரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு வில்பத்து என்றதும் சிறுத்தையும் கரடியும் மழைநீர் தேங்கும் வில்லுகளுமே நினைவுக்கு வரும். 1905இல் சரணாலயமாகவும் 1938இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இவ்வனம், ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்காவும் இதுவே. ஆயினும், இங்கு மனிதர் வாழ்ந்த கதையை நாம் பாடசாலையில் அதிகம் படித்ததில்லை.

பூங்காவினுள்ளே உள்ள பொம்பரிப்பில் ஈமத்தாழிகள் புதைந்த பெரும் இடுகாடு உண்டு. 1920களிலும் 1950களிலும் 1970இலும் அங்கு அகழாய்வு நடந்தது. அத்தாழிகளுக்கும் தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கும் உள்ள ஒற்றுமையை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். உரோம அறிஞர் பிளினி குறிப்பிடும் ஹிப்புரோஸ் துறைமுகம் நமது குதிரைமலையே எனக் கருதுவோரும் உளர். பள்ளக்கண்டல் அந்தோனியார் ஆலயத் திருவிழாவுக்கு இன்றும் கரையோர மக்கள் காட்டுவழியே செல்கின்றனர். பூக்குளத்தில் மீனவர் குடியிருப்பு உள்ளது. ஆக, இது ஆளில்லாக் காடாக என்றும் இருந்ததில்லை.

இதனை நாம் அறிவது ஏடுகளால்தான். கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இலேயே இலங்கையின் ஊர்களை அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். ஒல்லாந்தர் கால ஆவணங்கள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. அவை அடங்கிய ஒல்லாந்தக் கம்பனி ஆவணத் தொகுதியை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கச்சேரி அறிக்கைகள், நில அளவைப் படங்கள், வர்த்தமானிகள் ஆகியவற்றிலிருந்தே பூங்காவின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறியலாம்.

அந்த எல்லை வெறும் கோடன்று. வடக்கே மோதரகம் ஆற்றுக்கு அப்பால் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஆகிய ஊர்கள் உள்ளன. 1906இல் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்த லெனாட் வூல்ஃப் அதனைத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூர்களும் வெறிச்சோடின. மக்கள் கடல்வழியாகக் கற்பிட்டிக்கும் தரைவழியாகப் புத்தளத்துக்கும் வந்து சேர்ந்தனர். ஆளில்லாத ஆண்டுகளில் காடு ஊர்களை மூடிற்று. 2012இல் அப்பகுதி நிலங்கள் வன ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. மீளக்குடியேற வந்தோர் பூங்காவை அழிக்கின்றனர் என்றும், தம் பூர்வீக ஊருக்கே திரும்புகின்றனர் என்றும் எழுந்த வாதம் நீதிமன்றம் வரை சென்றது. காட்டைக் காப்பதும் வேண்டும். ஊரை மறவாதிருப்பதும் வேண்டும். இரண்டுக்கும் சான்று பழைய தாள்களே.

கிளினிக் கொப்பியைத் தொலைத்துவிட்டு வரும் நோயாளி, தமக்கு என்ன நோய், என்ன மருந்து என்று சொல்லத் தடுமாறுவதை மருத்துவத் தொழிலில் நாம் நாளும் காண்கிறோம். உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் விட்டுவிட்டு ஓடிவந்த குடும்பங்களின் நிலையும் அதுவே.

1990இன் இறுதியில் நமது வகுப்புகளில் ஒரு வாங்கில் நால்வர், ஐவர் என நெருங்கி அமர்ந்ததை அக்காலத்துத் தோழியர் மறந்திருக்க மாட்டார்கள். புதிதாக வந்த பிள்ளைகளின் முந்திய பாடசாலையும் சொந்த ஊரும் நமது சேர்வு இடாப்பில் ஆசிரியைகளின் கையெழுத்தில் பதிவாகியுள்ளன. அன்று அது வழக்கமான அலுவல். இன்றோ, இன்ன ஊரில் இன்ன பிள்ளை வாழ்ந்தாள் என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி. அவ்விடாப்பின் ஓரங்களைச் செல் அரித்து வருகிறது.

நூற்றாண்டு விழா முடிந்ததும் மேடையும் தோரணமும் கழன்றுவிடும். ஆகவே இடாப்புகளையும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களையும் ஒளிவருடி, ஒரு பிரதியைப் பாடசாலையிலும் மற்றொன்றை வேறோர் இடத்திலும் வைக்க நமது சங்கம் முன்வர வேண்டும். வில்பத்துக்குச் சென்ற கல்விச் சுற்றுலாப் படங்கள் வீட்டு அல்பங்களில் இருந்தால், பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும் எழுதி அதன் பிரதியை அனுப்பிவையுங்கள். உலகின் எம்மூலையில் வாழும் தோழியும் செய்யக்கூடிய பணி இது. அடுத்த நூற்றாண்டு மலரை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லக்கூடியதும் இதுவே.