ஹுவான் பாப்லோஸ்: கடல் கடந்த அச்சுக்கூடம்

தமிழ் அச்சின் வரலாற்றை வகுப்பில் சொல்லத் தொடங்கும்போது நாம் வழக்கமாக 1578ஆம் ஆண்டில், கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்க'த்தில் தொடங்குகிறோம். அந்நூலுக்குப் பின்னால் நின்றவர்கள் சேசு சபையினர். ஆகவே தொடக்ககால அச்சு என்றாலே அது சமயப் பணி என்று எண்ணிப் பழகிவிட்டோம். அதற்கு 39 ஆண்டுகளுக்கு முன், அட்லாண்டிக்கின் மறுகரையில் மெக்சிகோ நகரில் அச்சு நுழைந்த கதை சற்று வேறானது. அங்கும் கேட்டவர் ஆயர்தாம். அச்சிடப்பட்டவையும் பெரும்பாலும் ஞானோபதேச நூல்களே. ஆயினும் பொறியை இயக்கியவன் துறவியல்லன். பிழைக்க வந்த அயல்நாட்டுத் தொழிலாளி.

அவன் பெயர் ஜியோவானி பாவோலி. இத்தாலியின் பிரெஷியாவில் பிறந்தவன். ஸ்பெயினின் செவில் நகரத்தில், ஹுவான் க்ரோம்பெர்கரின் புகழ்பெற்ற அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன். ஸ்பானியர் நாவில் அவன் ஹுவான் பாப்லோஸ் ஆனான். முதலாளி க்ரோம்பெர்கரும் அயலார் வழியினரே. அவர் தந்தை யாக்கோபு ஜெர்மனியிலிருந்து வந்து, முன்பிருந்த அச்சகத்தாரின் கைம்பெண்ணை மணந்து தொழிலைப் பற்றிக்கொண்டவர். அயலான் ஒருவன் அயலான் ஒருவனுக்கு எழுதிக்கொடுத்த முறி எத்துணை இறுக்கமாக இருக்கும் என்பதற்கு 1539 ஜூன் 12ஆம் நாள் எழுதப்பட்ட ஒப்பந்தமே சான்று.

அந்த ஆவணத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பாப்லோஸ் மெக்சிகோவுக்குச் சென்று பத்தாண்டுகள் அச்சகத்தை நடத்த வேண்டும். ஆதாயத்தில் அவன் பங்கு ஐந்தில் ஒன்று. அதுவும் பத்தாண்டு முடிந்த பின்னரே கைக்கு வரும். அதுவரை உணவும் உடையும் பொதுச் செலவில். மனைவி ஹெரோனிமா குத்தியெரெஸ் உடன் சென்று வீட்டு வேலைகளைக் கவனிக்க வேண்டும். அதற்குக் கூலி இல்லை. நாளொன்றுக்கு 3000 தாள் அச்சிட வேண்டும். கையால் இழுக்கும் மரப்பொறியில் 3000 என்பது என்ன உழைப்பு என்று, நம் ஊர் அச்சகங்களில் டிரெடில் மிதித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தேய்ந்த எழுத்துகளை விற்கக் கூடாது; மற்றவர் கைக்குப் போகாதபடி உருக்கிவிட வேண்டும். வேறு தொழில் எதிலும் இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சாகும் நூல்களில் 'ஹுவான் க்ரோம்பெர்கரின் இல்லத்தில்' என்றே குறிக்க வேண்டும். கோத்தவன் பெயருக்கு இடமில்லை.

உடன் சென்றவர்களில் பொறி இழுக்க ஹில் பார்பேரோ என்பவரும் பேத்ரோ என்னும் ஆப்பிரிக்க அடிமையும் இருந்தனர். பேத்ரோவுக்குப் பங்கும் இல்லை, தவணையும் இல்லை. அமெரிக்கக் கண்டத்தின் முதல் அச்சகத்தில் கைப்பிடியை இழுத்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை நாம் அறிவது இந்த முறியால்தான்.

ஆயர் சுமாரகாவும் வைசிராய் அந்தோனியோ தே மெந்தோசாவும் விரும்பி அழைத்த தொழில் என்றாலும், அங்கே தாள் கிடையாது. ஐரோப்பாவிலிருந்து கப்பல் வந்தால்தான் உண்டு. தாள் பற்றாக்குறையை 1538ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே ஆயர் பேரரசரிடம் முறையிட்டிருந்தார். 1539இல் வெளியானதாகச் சொல்லப்படும் முதல் நூல், ஸ்பானியத்திலும் நவாட்டில் மொழியிலும் அமைந்த சிறு ஞானோபதேசம்; அதன் படி ஒன்றுகூட இன்று இல்லை. 1540இன் 'வயது வந்தோர் கையேட்டில்' சில ஏடுகளே எஞ்சின. 1541இல் குவாத்தமாலாவை அழித்த பேரிடரைப் பற்றிய செய்தித் தாள் ஒன்றும் அங்கே அச்சாயிற்று.

க்ரோம்பெர்கர் 1540இலேயே இறந்துபோனார். ஆனால் இறந்தவர் பெயரே பல ஆண்டுகள் நூல்களில் தொடர்ந்தது. செவிலிலிருந்த வாரிசுகளுக்குத் தொலைதூர அச்சகத்தில் ஆர்வம் குறைந்தது. தாளும் மையும் அனுப்பியவர்கள் கை சுருக்கிக்கொண்டார்கள். பாப்லோஸோ காலூன்றும் வேலையைப் பார்த்தான். 1542 பிப்ரவரியில் நகரக் குடியுரிமை பெற்றான். அடுத்த ஆண்டு மே மாதத்தில் சான் பாப்லோ பகுதியில் வீடு கட்ட மனை கிடைத்தது. 1548இல் வந்த ஞானோபதேசத்தில் 'ஹுவான் பாப்லோஸின் இல்லத்தில்' என்ற சொற்கள் இடம்பெற்றன. ஒன்பது ஆண்டுகள் பிறர் பெயரைக் கோத்த விரல்கள், அந்த வரிக்கான எழுத்துகளை எப்படிப் பொறுக்கியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அதன்பின் அவன் வெறும் கோப்பாளன் அல்லன். தனியுரிமை பெற்ற முதலாளி. 1550இல் செவிலிலிருந்து அந்தோனியோ தே எஸ்பினோசா என்னும் எழுத்துச் செதுக்குநரை ஒப்பந்தத்தில் வரவழைத்தான். கோதிக் எழுத்துகளின் இடத்தில் உரோமன் எழுத்துகள் வரலாயின. 1553இல் பல்கலைக்கழகம் திறந்தபின் தத்துவ நூல்களுக்கும் தேவை எழுந்தது. அலோன்சோ தே மோலினாவின் ஸ்பானிய-நவாட்டில் அகராதி (1555), கண்டத்தின் முதல் கணித நூலாகிய ஹுவான் தியெஸின் 'சுமாரியோ' (1556) ஆகியவை இக்காலத்துப் பெரும்பேறுகள். அகராதி ஆர்வலர்களாகிய நம்முள் பலர் வீரமாமுனிவரை அறிவோம்; மோலினாவையும் அறிந்துகொள்ளுதல் நன்று.

முன்பு க்ரோம்பெர்கர் தனக்குச் செய்ததைப் பாப்லோஸ் பிறருக்குச் செய்தானா? அவனது தனியுரிமையால் நகரில் வேறெவரும் அச்சகம் வைக்க இயலவில்லை என்பது மட்டும் உறுதி. அவன் அழைத்துவந்த அதே எஸ்பினோசா, இன்னும் மூவரோடு சேர்ந்து அரசரிடம் முறையிட்டார். 1558 செப்டம்பரில் அரசாணை வந்தது: அச்சுத்தொழில் எவருக்கும் திறந்தது. அடுத்த ஆண்டே எஸ்பினோசா தம் அச்சகத்தைத் தொடங்கினார். மோலினாவின் விரிவாக்கிய அகராதி 1571இல் வெளிவந்தபோது அதை அச்சிட்டவர் அவரே.

பாப்லோஸ் 1560 வாக்கில் மறைந்தான். ஹெரோனிமா, கூலியின்றி வீடு காக்க வந்தவர், இப்போது அச்சகத்தின் உரிமையாளர். அவர்கள் மகளை மணந்த ஒசார்த்தே, பிரான்சின் ரூவானிலிருந்து வந்த இன்னொரு அயலான், அதைக் குத்தகைக்கு எடுத்து 1563 முதல் தம் பெயரில் நூல் வெளியிட்டார். ஒன்பது ஆண்டுகளில் சமய விசாரணை மன்றம் லூத்தரியக் கொள்கை உடையவர் என்று ஐயுற்று அவரைச் சிறையிட்டு வதைத்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் வெளியே வந்தவர், மீண்டும் அச்சிடப் போனார்.