மேட்டுக் கல்லும் சாம்பற் கல்லும்

புதுவைக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலை நெருங்குமிடத்தில், வீராம்பட்டினத்தை அடுத்து ஒரு மேடு உண்டு. அரிக்கமேடு என்பது அதன் பெயர். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே மண்ணை அகழ்ந்தார். இத்தாலி நாட்டு மட்கலங்களும், மதுச்சாடிகளும், துணிக்குச் சாயமேற்றியவை என்று அவர் கருதிய செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. தமிழன் உரோமோடு வாணிகம் செய்தான் என்று மேடைதோறும் முழங்கினோம். முழங்கியதில் தவறில்லை.

ஆனால் வீலருக்கு இருநூறு ஆண்டுகட்கு முன்பே, 1734-இல், வீராம்பட்டினத்து மக்கள் அங்கிருந்து பழஞ்செங்கல்லைப் பெயர்த்தெடுப்பதாகப் பிரெஞ்சு ஆட்சியினர் குறித்து வைத்தனர். கிடப்பது கல், வேண்டுவது சுவர், எடுத்தார்கள். வரலாறு சிதைந்ததே என வருந்துகிறோம். ஆயினும் குடிசைவாசியைக் குற்றக் கூண்டில் ஏற்ற நமக்கு மனமில்லை. அந்தக் கல் எவருக்கும் நஞ்சூட்டவில்லை.

அதே காலத்து உரோமானியன் என்ன செய்தான்? பூத்தியோலி நகரத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு குழைத்தான். அது நீருக்கடியிலும் பாறையாய் இறுகியது. விட்ருவியஸ் இதனை எழுதி வைத்தார். அவனும் கடவுளரைக் கும்பிட்டவன்தான். எனினும் சாம்பலை நாம் நெற்றியில் பூசினோம். அவன் துறைமுகச் சுவரில் பூசினான்!

அந்த வித்தை இன்று நெய்வேலி வழியே நம்மிடம் வந்திருக்கிறது. 1956-இல் தோன்றிய நிறுவனம் 1962-இல் மின்சாரம் தந்தது. ஒளியோடு சாம்பலும் பிறந்தது. அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்வோர் நூற்றுக்கு 25 பங்கு சாம்பல் கலக்க வேண்டுமென 1999-இல் இந்திய அரசு ஆணையிட்டது. 2003-இல் அவ்வெல்லை 100 கிலோமீட்டராக விரிந்தபோது புதுவையும் அதற்குள் வந்தது. வயலின் மேல்மண் பிழைக்கிறது. வரவேற்கிறோம்.

வரவேற்ற வாயால் வினாவும் எழுப்புவோம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், குரோமியம், பாதரசம் போன்றவை சிறிதளவு உண்டு. சுண்ணாம்பு இறுகும்போது அவற்றுட் பெரும்பகுதியைக் கட்டிப் பிடிக்கிறது. எவ்வளவு பிடிக்கும் என்பது எந்த நிலக்கரி, எந்த உலை, எத்தகைய கலவை என்பதைப் பொறுத்தது. கல்லாகும் முன் அது தூள். அத்தூளை அள்ளிக் கொட்டும் கூலியாளின் நுரையீரலைக் கட்டிப் பிடிக்க எந்தச் சுண்ணாம்பும் இல்லை.

உரத் தொழிற்சாலைக் கழிவான பாஸ்போ ஜிப்சத்தைப் பாருங்கள். அதில் ரேடியம் இருப்பதால், குவித்து வைப்பதே முறை என்று 1989-இல் அமெரிக்கா விதித்தது. கட்டடப் பொருள்களிற் சேர்க்க இடந்தந்த இந்தியா, 2009-இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வாயிலாக ரேடிய அளவுக்கு வரம்பு கட்டியது. ஒரே கழிவு, இரு தீர்ப்பு! இரண்டிலும் அளந்து பார்த்தார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

வீடு கட்டுவோன் கல்லைத் தட்டிப் பார்க்கிறான், கணீரென்றால் வாங்குகிறான். ஆர்செனிக் அந்த ஓசையில் ஒலிப்பதில்லை. எந்த உலைச் சாம்பல், ஊறவைத்துச் சோதித்த நாள் எது, நீரில் கசிந்தது எவ்வளவு என்றெழுதிய சீட்டு ஒவ்வொரு வண்டிக் கல்லோடும் வரவேண்டும் என்கிறோம். அள்ளுவோனுக்கு முகமூடி அதற்கும் முன்னே வரவேண்டும் என்கிறோம்.