சாவி கையில், பத்திரம் எங்கே? பொது வீட்டுவசதியில் தலித் மக்களின் உரிமை

அரசு விழா மேடையில் ஒரு பெண்ணின் கையில் புதிய வீட்டின் சாவி வழங்கப்படுகிறது. மறுநாள் நாளிதழில் அந்தப் படம் வெளியாகிறது. குடிசையிலும் சாலையோரத்திலும் மழைக்கு அஞ்சி வாழ்ந்த ஒரு குடும்பத்துக்குப் பூட்டித் திறக்க ஒரு கதவு கிடைப்பது சிறிய செய்தி அன்று. அந்த மகிழ்ச்சியை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தப் படத்தில் இடம்பெறாத ஒன்று உண்டு. அது பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம். சாவி கொடுத்த பின் பல ஆண்டுகள் கடந்தும் பத்திரம் பெறாத குடும்பங்கள் வாரியக் குடியிருப்புகளில் ஏராளம். சாவிக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளி எவ்வாறு உருவானது, சட்டம் அதைப் பற்றி என்ன கூறுகிறது, களத்தில் நாம் எதைக் கேட்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

வீடு ஏன் சாதிக் கேள்வி?

1917-இல் அண்ணல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். சாதி தெரிந்ததும் தடி ஏந்திய கும்பல் அவரை வெளியேற்றியது. படிப்போ பதவியோ வாடகைச் சந்தையில் சாதியை வெல்லவில்லை.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சந்தை பெரிதாக மாறிவிடவில்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்ற நேரடிக் கேள்வி, "சைவம் மட்டும்" என்ற அறிவிப்புப் பலகையாக உருமாறியிருக்கிறது. சிற்றூர்களில் ஊர் வேறு, சேரி வேறு. ஊருக்குள் விற்பனைக்கு மனை இருந்தாலும் தலித்துக்கு விற்பவர் அரிது. எனவே பணம் படைத்தவருக்கு வீடு என்பது சந்தையில் வாங்கும் பொருள். நம் மக்களுக்கோ அரசு திறக்கும் கதவே பெரும்பாலும் ஒரே கதவு. அந்தக் கதவு எங்கே, எந்த நிபந்தனையில் திறக்கிறது என்பதால்தான் வீட்டுவசதிக் கொள்கை சமூகநீதிக் கேள்வியாகிறது.

உச்ச நீதிமன்றமும் இதனைத் தொட்டுள்ளது. உத்தரப் பிரதேசத்தில் பட்டியல் சாதியினருக்கு வீடு கட்டுவதற்காக நிலம் கையகப்படுத்தப்பட்டபோது நில உடைமையாளர்கள் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். சமேலி சிங் வழக்கு என அறியப்படும் அவ்வழக்கில், கையகப்படுத்தலை நீதிமன்றம் உறுதி செய்தது. உறைவிட உரிமை அரசியலமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், உறைவிடம் என்பது தலைக்கு மேல் கூரை மட்டும் அன்று. ஒளி, காற்று, நீர், சுகாதாரம், சாலை ஆகியவை கூடிய வாழ்விடம் என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. வீட்டுரிமை குறித்த இந்த முக்கியமான விளக்கம் தலித் குடியிருப்பு ஒன்றைச் சுற்றி எழுந்த வழக்கில் பிறந்தது என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும்.

குடிசை மாற்றிலிருந்து குடிபெயர்ப்பு வரை

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தின் பெயரிலேயே மேம்பாடு முதலிலும் அகற்றல் பின்னரும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என 3ஆம் பிரிவின் கீழ் அரசு அறிவிக்கலாம். அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதிக்குச் சட்டம் சில பாதுகாப்புகளையும் அடிப்படை வசதிகளுக்கான வழியையும் தருகிறது. 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகள் இவ்வாறு அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டன. அதன் பின்னர் நகரம் பல மடங்கு விரிந்தும் பட்டியல் விரியவில்லை. பட்டியலில் இல்லாத குடியிருப்பு அரசின் மொழியில் "ஆக்கிரமிப்பு" ஆகிவிடுகிறது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் இரண்டு, மூன்று தலைமுறைகளாக வாழ்ந்தவர்களும் இந்தச் சொல்லால் உரிமை இழந்தனர்.

தொடக்க ஆண்டுகளில் வாரியம் பெரும்பாலும் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடிகளைக் கட்டியது. 1970களின் பிற்பகுதியில் உலக வங்கி நிதியுதவியுடன், குடிசைப் பகுதிகளை இருந்த இடத்திலேயே மேம்படுத்தி மனை உரிமை வழங்கும் திட்டங்களும் நடைபெற்றன. 2000ஆம் ஆண்டையொட்டிக் காற்று திசை மாறியது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, அதன் பின்னர் பெரும்பாக்கம் என நகரின் தென் விளிம்பில் பெருந்திரள் குடியிருப்புகள் எழுந்தன. கண்ணகி நகரும் அதனையொட்டிய எழில் நகரும் சேர்ந்து 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்திலும் ஏறத்தாழ அதே அளவு. மேம்பாலம், நதிச் சீரமைப்பு, சாலை விரிவாக்கம் என நகரின் தேவை ஒவ்வொன்றுக்கும் இடம் கொடுத்தவர்கள் ஏழைகள். சென்னைக் குடிசைப் பகுதிகளில் தலித் மக்களின் விகிதம் நகர மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள விகிதத்தைவிட அதிகம் என்பதால், வெளியேற்றத்தின் சுமையும் அவர்கள் மீதே கூடுதலாக விழுந்தது. ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடம் மாநகருக்கு வெளியே அடுக்குமாடி என்று மறுபதிப்பாயிற்று.

2021-இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டது. மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கையும் அவ்வாண்டில் வெளியிடப்பட்டது. "குடிசை" என்ற இழிசொல் நீங்கியது வரவேற்கத்தக்கது. ஆனால் வாழ்விடம் என்பது வாழ்வும் இடமும் சேர்ந்தது. அவற்றில் ஒன்றைப் பறித்து மற்றொன்றைத் தர இயலாது.

சாவி எதைத் தருகிறது?

சட்டத்தின் பார்வையில் சாவி என்பது அனுபோகத்தின் அடையாளம். அது உரிமை மூலம் அன்று. வாரிய வீட்டைப் பெறும் குடும்பத்துக்கு முதலில் கிடைப்பது ஒதுக்கீட்டு ஆணை. அதில் பயனாளியின் பெயர், வீட்டு எண், பயனாளி செலுத்த வேண்டிய பங்குத் தொகை, மாதத் தவணை, நிபந்தனைகள் ஆகியன இருக்கும். தவணை முழுவதும் செலுத்தி நிலுவையில்லாச் சான்று பெற்ற பிறகே கிரயப் பத்திரம் எழுதப்படும். சொத்து மாற்றுச் சட்டமும் பதிவுச் சட்டமும் கூறுவது தெளிவானது: நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் வழியாகவே நிறைவடையும். ஒதுக்கீட்டு ஆணையும் மின்கட்டண அட்டையும் குடும்ப அட்டையும் குடியிருப்புக்குச் சான்றுகளே. உரிமைக்குச் சான்றுகள் அல்ல.

தவணையைக் கட்டி முடித்த பிறகும் பத்திரம் ஏன் வருவதில்லை? பல இடங்களில் தடை மக்களிடம் இல்லை, நிலத்தில் இருக்கிறது. வாரியம் வீடு கட்டிய நிலம் புறம்போக்காகவோ, மாநகராட்சி அல்லது வேறு துறையின் பெயரிலோ இருக்கும். அந்நிலம் வாரியத்தின் பெயருக்கு மாற்றப்படாத வரை, தனக்கு உரிமையில்லாத நிலத்தை வாரியம் பிறருக்கு விற்க இயலாது. இரண்டு அரசு அலுவலகங்களுக்கு இடையில் நடக்க வேண்டிய கோப்பு நகராததால், வட்டியுடன் தவணை கட்டிய குடும்பம் வாழ்நாள் முழுவதும் "ஒதுக்கீடுதாரர்" என்ற நிலையிலேயே நிற்கிறது.

இதன் விளைவு கட்டடம் பழுதடையும் நாளில் வெளிப்படும். 1970களில் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்புகள் இப்போது இடித்துக் கட்டப்படுகின்றன. பத்திரமும் அதில் நிலத்தின் பிரிக்கப்படாத பங்கும் உள்ளவர், மறுகட்டுமானத்தில் உரிமையாளராகப் பேசலாம். பத்திரம் இல்லாதவர், பயனாளிப் பட்டியலில் தம் பெயர் உள்ளதா எனத் தேடும் நிலையில் நிற்கிறார். தந்தை பெயரில் ஒதுக்கீடு, அவர் இறந்துவிட்டார், மூன்று மகன்களின் குடும்பங்கள் அங்கேயே வாழ்கின்றன. கணக்கில் வருவது ஒரு குடும்பம் மட்டுமே. வெற்றுத் தாளிலோ முத்திரைத்தாள் ஒப்பந்தத்திலோ வீட்டை வாங்கியவரின் நிலை இன்னும் மோசம். இத்தகைய வழக்குகளில் நாங்கள் கண்ட பொதுவான உண்மை ஒன்று உண்டு: சிக்கல் தொடங்கியது இடிக்க வந்த நாளில் அன்று, சாவி வாங்கிய நாளில், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதில்.

கதவு எங்கே இருக்கிறது?

1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஒல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மக்கள் அந்த நடைபாதையில் வாழ்வதற்குக் காரணம் வேலை அதன் அருகில் இருப்பதே என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் உரிய அறிவிப்புக்குப் பின் அகற்றுவதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அதே ஆண்டில் சென்னைக் குடிசைவாசிகளுக்காக, அன்று வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு தொடுத்த வழக்கையும் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தமிழ்நாடு அரசின் வீட்டுவசதிப் பணிகளைச் சுட்டி, அந்த அக்கறை தொடரும் என்ற நம்பிக்கையை நீதிமன்றம் தெரிவித்தது. அந்த நம்பிக்கையை அளக்கும் கோல்கள் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும்தான்.

நாங்கள் சந்தித்த ஒரு பெண், நகரின் நடுவில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கி வந்தவர். பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டபின் இரண்டு வீடுகளின் வேலையை இழந்தார். விடிகாலைப் பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய கூலி இல்லை. கல்வியாண்டின் நடுவில் இடம் மாறியதால் மகனின் படிப்பு நின்றது. "வீடு குடுத்தாங்க, அத வச்சுப் பொழைக்க வழி குடுக்கல" என்றார். இளைஞர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியைப் பார்த்தே மறுக்கப்படுவதும், உறவினர் முகவரியைத் தருவதும் அப்பகுதிகளில் எல்லோரும் அறிந்த அனுபவம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில், வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லிக் குடியமர்த்தியவர்களை மழைக்காலம் மீண்டும் சூழ்கிறது.

சிற்றூரில்: அத்து காட்டாத பட்டா

நகரத்தில் சாவி என்றால் சிற்றூரில் வீட்டுமனைப் பட்டா. ஆதிதிராவிடர்களுக்கு மனை வழங்க நிலம் எடுப்பதற்கெனவே தமிழ்நாடு 1978-இல் தனிச் சட்டம் இயற்றியது. அதனை உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆயினும் பல சிற்றூர்களில் பட்டா தாளாக மட்டுமே உள்ளது. நிலத்தை அளந்து அத்து காட்டவில்லை. கிராமக் கணக்கில் பெயர் ஏறவில்லை. பழைய உடைமையாளர் தொடர்ந்து உழுகிறார். பட்டா இல்லையேல் வீடு கட்டும் திட்டமும் இல்லை. ஊரகப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இலக்கில் குறைந்தது 60 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு என்று விதி உண்டு. மனை இல்லாதவருக்கு அந்த விதி எட்டாக்கனி.

இங்கே நம்மிடம் வலுவான கருவி ஒன்று உள்ளது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தைப் பிறர் அபகரிப்பதும், அவர்களை நிலத்திலிருந்தோ வளாகத்திலிருந்தோ சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றங்கள். இது வருவாய்த் துறைத் தகராறு மட்டும் அன்று என்பதைப் புகாரிலேயே எழுத வேண்டும்.

சாவி வாங்கும் நாளில் கேட்க வேண்டியவை

1. ஒதுக்கீட்டு ஆணையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வாடகையா, தவணைக் கொள்முதலா என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

2. நிலம் எந்தத் துறையின் பெயரில் உள்ளது, வாரியத்துக்கு மாற்றப்பட்டதா என்று எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்யுங்கள். பதிலளிக்க 30 நாள் கெடு; தவறினால் மேல்முறையீடு.

3. ஆணை யார் பெயரில் உள்ளது எனப் பாருங்கள். நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் குடும்பப் பெண்ணின் பெயரிலோ கூட்டுப் பெயரிலோ வீடு இருக்க வேண்டும் என்பது பொது விதி.

4. செலுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது பெறுங்கள். இடைத்தரகரிடம் கொடுத்த பணத்துக்குச் சட்டத்தில் முகம் இல்லை.

5. சாவி வாங்குமுன் சுவர், குழாய், மின் இணைப்பு, மின்தூக்கி ஆகியவற்றைப் பார்த்துக் குறைகளை எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை 2021-இல் குடியேறிய மக்கள் வெளிப்படுத்தியதால்தான் சென்னை ஐஐடியின் ஆய்வுக்கு அரசு உத்தரவிட்டது.

6. பழைய இடத்தில் வாழ்ந்ததற்கான ஆவணங்களை அழிக்காதீர்கள். புதிய முகவரிக்கு மாற்றுமுன் அனைத்தையும் படியெடுத்து வையுங்கள்.

நாம் கோர வேண்டியது

மக்கள் வாழும் இடத்திலேயே வீடு என்பது முதல் கோரிக்கை. வேறு வழியில்லாத நிலையில் வேலையும் பள்ளியும் மருத்துவமும் எட்டும் தொலைவில் மாற்றிடம். குடியமர்த்துமுன் அந்நிலம் வாரியத்தின் பெயருக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்பது இரண்டாவது. தவணை முடிந்த குடும்பங்களுக்குக் குறித்த காலத்துக்குள் கிரயப் பத்திரம் என்பது மூன்றாவது. இவற்றைச் சட்டமாக்காமல் வெறும் கொள்கையாக வைத்திருப்பது, சாவியைக் கொடுத்துப் பூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

கல்லூரி மாணவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே. உங்கள் பகுதியிலுள்ள ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை வீடுகளுக்குச் சாவி கொடுக்கப்பட்டது, எத்தனைக்குப் பத்திரம் கொடுக்கப்பட்டது என்ற இரண்டு எண்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டுப் பெறுங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே நம் அடுத்த மனுவின் முதல் பத்தி.