தையலைக் கூலிக்கு விடலாம், முத்திரையை?

தென்காசியிலிருந்து ஒரு பார்சல் அனுப்பணும். நாமே கட்டறதா, காசு கொடுத்துக் கட்டச் சொல்றதா? பழைய கேள்விதான் இது. அப்போ நடுவில் ஊசியும் நூலும் இருந்தது.

இந்தியாவில் வி.பி.பி. 1877-லேயே வந்துவிட்டது. சரக்கு கைக்கு வரும்போதுதான் பணம். ஆகவே சிதையாமல் போய்ச் சேரணும். துணியில் சுற்றி, ஓரம் தைத்து, தையல்மேல் அரக்கு வைப்பார்கள். பெரிய தபால் நிலைய வாசல்களில் இதைத் தைத்துக் கொடுத்தே பிழைத்தவர்கள் உண்டு.

இன்ஷூர் செய்த பார்சலுக்கான விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அரக்கில் அனுப்புகிறவருடைய சொந்த முத்திரை பதியணும். காசை வைத்து அழுத்தினால் செல்லாது. அதுதான் எல்லார் கையிலும் இருக்கே! வழியில் பிரித்தவனும் அதே மாதிரி ஒட்டிவிடுவான். தையலைக் கூலிக்கு விடலாம். முத்திரையை விட முடியாது.

1800-ஐ ஒட்டி கம்பெனியார் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்ட ஊர் குற்றாலம். அங்கே வாங்கும் ஜாதிக்காய், கிராம்பை அனுப்ப நான் கூலி தரமாட்டேன். காய்ந்த சரக்கு, அட்டைப்பெட்டி போதும். மங்குஸ்தான் வேற கதை. தோல் தடிப்பா இருக்கேன்னு நம்பி அள்ளிப் போட்டா, அடிபட்ட இடம் கல்லா இறுகிடும். அடுக்கத் தெரிந்த பழக்கடைக்காரருக்குக் கேட்டதைக் கொடுத்துடலாம்.